ரீட்மீயில் கிடக்கும் பதினாலு கட்டளையை எப்படிச் சுருக்குவது: மேக்கா, ஜஸ்ட்டா, வெறும் ஸ்க்ரிப்டா?

#1 அரைப்புள்ளி

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன். முதல் தடவையா இழை தொடங்குறேன்.

நாங்க நாலு பேர் ஒரு குழு. பைத்தானில் ஒரு ஏபிஐ, கூடவே சின்னதா ஒரு ஃப்ரண்ட்எண்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ரெப்போவோட (கோட் இருக்குற ஃபோல்டர்) ரீட்மீயில் (அதோட குறிப்பு ஃபைல்) "முதலில் இதை ஓட்டவும், பிறகு இதை ஓட்டவும்"னு பதினாலு கட்டளை வரிசையா இருக்கு. கன்டெய்னரை எழுப்புறது, மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்துறது), மாதிரி டேட்டா ஏத்துறது, டெஸ்ட், லின்ட் (கோட் நடையைச் சரிபார்க்கிறது), பில்ட் இப்படி. அதுல ரெண்டு வரிசை மாறினா எல்லாம் படுத்துரும். ஒண்ணு எதுக்குன்னு யாருக்குமே தெரியாது, ஆனா எடுக்கவும் பயம்.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன். காலையில ஸ்டேஜிங்ல (வெளியிடறதுக்கு முன்னாடி சோதிக்கிற பொது சர்வர்) ஒரு பிழையைப் பாக்குறதுக்காக அந்த டெர்மினல்ல டேட்டாபேஸ் முகவரியை எக்ஸ்போர்ட் பண்ணி (அந்த விண்டோவில் ஓடுற எல்லாக் கட்டளைக்கும் தெரியுற மாதிரி) வெச்சிருந்தேன். மத்தியானம் அதே விண்டோவில் மேல் அம்புக்குறியை நாலஞ்சு தட்டு தட்டி, என் மெஷின்ல தினமும் ஓட்டுற ரீசெட் கட்டளையை எடுத்து என்டர் அடிச்சேன். வழக்கத்தைவிட மெதுவா ஓடுதேன்னு நினைக்கும்போதுதான் உறைச்சது. அதுக்குள்ள ஸ்டேஜிங் டேட்டாபேஸ் துடைச்சு விட்டாச்சு. திரும்ப நிமிர்த்த அரை நாள் ஆச்சு. யாரும் திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

இதையெல்லாம் கையால அடிக்காம ஏதாவது டாஸ்க் ரன்னர்ல (கட்டளைகளுக்குப் பேர் வெச்சு ஓட்டுற டூல்) போட்டுடலாம்னு முடிவு. ஒருத்தர் விண்டோஸ், ஒருத்தர் மேக் கணினி, மிச்ச ரெண்டு பேர் லினக்ஸ். எதை எடுக்கலாம்?

#2 வெறும்_பாஷ்

ஒரு ஃபோல்டர். பேர் "ஸ்க்ரிப்ட்ஸ்". உள்ளே வேலைக்கு ஒரு ஷெல் ஃபைல் (டெர்மினல் கட்டளைகளை வரிசையா எழுதினது). ஒவ்வொண்ணுலயும் முதல் வரியில் பிழை வந்தா நிக்கச் சொல்ற செட் வரி. முடிஞ்சது. இதுக்கு எதுக்கு ஒரு டூல், அதுக்கு ஒரு டாக்குமென்ட், அதைப் படிக்க ஒரு வாரம்?

#3 பழைய_முனையம்

மேக் போதும் தம்பி. லினக்ஸ்ல பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், மேக் கணினியில டெவலப்பர் டூல்ஸோட வந்துடும். (ரெண்டுக்கும் பேர் ஒண்ணா இருக்கறது நம்ம எழுத்துல மட்டும் வர்ற தலைவலி. இந்த இழையில டூலை மேக்னும் கணினியை ஆப்பிள்னும் சொல்லிக்கலாம்.)

மேக் எதுக்குப் பொறந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டா அதோட குணம் புரியும். 1976ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். கூட வேலை செஞ்சவர் ஒருத்தர் ஒரு காலைப் பொழுது முழுக்க ஒரு பிழையைத் தேடியிருக்கார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திட்டார், ஆனா அந்த ஃபைலை மறுபடி கம்பைல் பண்ணல. பழைய ஆப்ஜெக்ட் ஃபைலே (முந்தின கம்பைல்ல வந்தது) திரும்பத் திரும்ப லிங்க் ஆகிட்டிருந்தது. அந்தக் கடுப்புல பொறந்ததுதான் இது. அதனால மேக் கேட்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இந்த ஃபைல் அந்த ஃபைலைவிடப் பழசா?" பழசுன்னா கீழே இருக்குற கட்டளையை ஓட்டும், இல்லைன்னா சும்மா இருக்கும்.

நாம பண்றது என்னன்னா, ஃபைலே உண்டாக்காத வேலைக்கெல்லாம் அதைப் பயன்படுத்துறோம். "மேக் டெஸ்ட்"னு அடிச்சா டெஸ்ட் ஓடணும்னு எதிர்பார்க்கிறோம். உன் ரெப்போவில் டெஸ்ட்னு ஒரு ஃபோல்டர் இருந்துட்டா, "டெஸ்ட் ஏற்கெனவே புதுசாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுக் கையைக் கட்டிக்கும். அதுக்குத்தான் ".ஃபோனி"ன்னு மேலே ஒரு வரி: "இது ஃபைல் இல்லை, வெறும் பேரு, எப்பவும் ஓட்டு"ன்னு அர்த்தம். அதை மட்டும் மறக்காதே.

#4 துருப்பிடித்தவன்

அண்ணே, நீங்க சொன்னதுலயே பதில் இருக்கே. ஃபைல் பழசா புதுசான்னு பாக்கப் பொறந்த டூலை, "நீ அதைப் பாக்காதே"ன்னு சொல்லி ஓட்டுறதுக்கு ஒரு தனி வரி. எனக்கு அது சரியாப் படல.

ஜஸ்ட் பாருங்க. ரஸ்ட்ல எழுதினது, ஒரே ஒரு பைனரி. ஜஸ்ட்ஃபைல் பாக்க மேக்ஃபைல் மாதிரியே இருக்கும், ஆனா ஃபைல் நேரத்தைப் பாக்கவே பாக்காது. சொன்னா ஓட்டும், அவ்வளவுதான். எனக்குப் பிடிச்சது மூணு:

வேலைக்கு மேலே ஒரு கமென்ட் எழுதினா "ஜஸ்ட் லிஸ்ட்" அதையே விளக்கமாக் காட்டும். மேக்கில் இதே வேலைக்கு ஆக், கிரெப்னு ரெண்டு டெக்ஸ்ட் டூலைச் சேர்த்து ஒரு மந்திர வரியை எல்லாரும் எங்கேயோ பார்த்து ஒட்டிட்டு வருவாங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் தெரியாது.

ரெப்போவில் எந்த சப்ஃபோல்டர்ல இருந்தாலும் மேலே மேலே தேடிப் போய் ஜஸ்ட்ஃபைலைக் கண்டுபிடிச்சு, அந்த ஃபைல் இருக்குற இடத்துலயே ஓட்டும். மேக் நீங்க நிக்கிற ஃபோல்டரைத் தவிர வேற எங்கயும் பாக்காது.

மூணாவது, பாராமீட்டர். மேக்கில் "என்வ்=ஸ்டேஜிங்"னு வேரியபிளா கொடுக்கணும். கை தவறி "எவ்ன்=ஸ்டேஜிங்"னு அடிச்சாலும் மேக் ஒரு வார்த்தை கேக்காது, தெரியாத வேரியபிளை வாங்கிக்கிட்டு, தெரிஞ்சதைக் காலியாவோ பழைய மதிப்போடவோ வெச்சு ஓட்டிரும். ஜஸ்ட்ல பாராமீட்டர் இல்லாம கூப்பிட்டா பிழை காட்டி நின்னுடும்.

#5 அரைப்புள்ளி

பதிலுக்கு நன்றி அண்ணன்களா. மேக் ஏற்கெனவே இருக்குதேன்னு அதுலயே தொடங்கினேன். ரெண்டு மணி நேரத்துல ரெண்டு அடி.

முதல் அடி: "மிஸ்ஸிங் செபரேட்டர், ஸ்டாப்". என் எடிட்டர் டேப்பை நாலு இடைவெளியா மாத்திடுது. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல, இருபது நிமிஷம் போச்சு.

ரெண்டாவது இன்னும் புரியல. ஒரு வரியில "சிடி ஃப்ரண்ட்எண்ட்" (அந்த ஃபோல்டருக்குள்ள போ). அடுத்த வரியில "என்பிஎம் ரன் பில்ட்" (ஃப்ரண்ட்எண்டைக் கட்டு). பேக்கேஜ் ஃபைலே இல்லைன்னு என்பிஎம் சொல்லுது. ஆனா ஃபோல்டருக்குள்ள அது இருக்கு, கையால அடிச்சா ஓடுது.

#6 பழைய_முனையம்

டேப் விஷயம் ஐம்பது வருஷப் பழைய வலி. ஃபெல்ட்மனே சொல்லியிருக்கார்: தப்புன்னு அவருக்குத் தோணுறதுக்குள்ள ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாங்களாம், அவங்க ஃபைலையெல்லாம் கெடுக்க வேண்டாமேன்னு விட்டுட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக உலகமே டேப் அடிச்சுட்டிருக்கு. எடிட்டர்ல மேக்ஃபைலுக்கு மட்டும் டேப்னு வெச்சுக்கோ.

சிடி விஷயம்: ஒவ்வொரு வரியும் தனித்தனி ஷெல்லில் ஓடும். முதல் ஷெல் ஃபோல்டர் மாறிச்சு, அதோட செத்தும் போச்சு. ரெண்டாவது வரிக்குப் புது ஷெல், அது பழைய இடத்துலயேதான் நிக்கும். ரெண்டையும் இரட்டை ஆம்பர்சண்ட் போட்டு ஒரே வரியா எழுது. இல்லைன்னா மேலே ".ஒன்ஷெல்"னு ஒரு வரி போட்டுக்கோ, அந்த வேலையோட எல்லா வரியும் ஒரே ஷெல்லில் ஓடும்.

இன்னொண்ணு: டாலர் குறி மேக்குக்குச் சொந்தம். ஷெல்லுக்கு ஒரு டாலர் போய்ச் சேரணும்னா நீ ரெண்டு எழுதணும்.

#7 துருப்பிடித்தவன்

நியாயமாச் சொல்லணும்னா, ஜஸ்ட்லயும் வரிக்கு ஒரு ஷெல்தான். அங்கயும் சிடி அடுத்த வரிக்கு வராது. ஆனா வேலையோட முதல் வரியில ஷெபாங் (எதை வெச்சு ஓட்டணும்னு சொல்ற வரி) போட்டுட்டா முழுசையும் ஒரே ஸ்க்ரிப்டா எடுத்துக்கும். பாஷ் மட்டுமில்ல, பைத்தான் ஷெபாங் போட்டுப் பைத்தானே எழுதலாம்.

#8 அரைப்புள்ளி

ஒன்ஷெல் போட்டேன். என் லினக்ஸ்ல அருமையா ஓடிச்சு. மெர்ஜ் பண்ணேன். அரை மணி நேரத்துல ஆப்பிள் வெச்சிருக்குற அக்கா கூப்பிட்டாங்க. அவங்ககிட்ட அதே பழைய என்பிஎம் பிழை. ஒரே ஃபைல், ஒரே கமிட்.

#9 பழைய_முனையம்

அடடா. இது என் தப்பு. ஆப்பிள் கணினியோட வர்றது குனு மேக் 3.81. அது 2006ல் வந்த பதிப்பு. அதுக்கப்புறம் உரிமம் ஜிபிஎல் மூணாவது பதிப்புக்கு மாறிட்டதால ஆப்பிள் அங்கயே நின்னுடுச்சு. ஒன்ஷெல் வந்தது 3.82ல். பழைய மேக்குக்கு அந்த வரி ஏதோ பேர் தெரியாத டார்கெட், பிழையும் காட்டாம விட்டுரும். இப்ப என்பிஎம் கத்தினதால பரவாயில்ல. அந்த ரெண்டாவது வரி ஏதாவது ஃபோல்டரை அழிக்கிற வரியா இருந்து, சிடி நடக்காம மேல் ஃபோல்டர்ல ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாரு.

ஒன்ஷெல்ல இன்னொரு பொறியும் இருக்கு, அதையும் நான் சொல்லாம விட்டுட்டேன். நடு வரி தோத்தாலும் கடைசி வரி ஜெயிச்சா மேக் "எல்லாம் சரி"ன்னு போயிடும். ஷெல்லுக்கு மைனஸ் ஈ கொடுக்கச் சொல்லித் தனியா எழுதணும். அந்த அமைப்பும் 3.82க்கு அப்புறம்தான்.

#10 வெறும்_பாஷ்

சும்மா சொல்லக்கூடாது, நல்லா ரசிச்சேன். ஃபோல்டர். ஷெல் ஃபைல்.

#11 இரண்டு_இடைவெளி

கோ மொழியில எழுதின டாஸ்க்னு ஒரு டூல் இருக்கு, யாரும் பேசலையேன்னு வந்தேன். டாஸ்க்ஃபைல் யாமலில் (இடைவெளியை வெச்சே அமைப்பைக் காட்டுற ஒரு வடிவம்) எழுதணும். என் பேரைப் பார்த்தாலே தெரியும், யாமல் என்னை எவ்வளவு படுத்தியிருக்குன்னு. இருந்தாலும் ரெண்டு காரணத்துக்காக விடாம வெச்சிருக்கேன்.

விண்டோஸ் நண்பர் இருக்காரே, அவருக்கு இது சுலபம். டாஸ்க் தனக்குள்ளயே ஒரு ஷெல் இன்டர்ப்ரெட்டரை வெச்சிருக்கு, அதனால பாஷ் இல்லாத மெஷினிலும் அதே வரிகள் பெரும்பாலும் ஓடும். ஜஸ்ட் விண்டோஸ்ல ஓட கிட்டோட (கோட் வரலாற்றை வெச்சிருக்குற டூல்) வர்ற எஸ்எச்ங்கிற ஷெல் வேணும், இல்லைன்னா பவர்ஷெல்லுக்குத் தனி அமைப்பு எழுதணும்.

ரெண்டாவது: மேக் நேரத்தைப் பார்க்குது, டாஸ்க் உள்ளடக்கத்தைப் பார்க்குது. எந்த ஃபைல்கள் உள்ளே போகுது, எது வெளியே வருதுன்னு எழுதிட்டா, அதோட செக்சம்மைக் (உள்ளடக்கத்துலேர்ந்து வர்ற ஒரு அடையாள எண்) கணக்குப் போட்டு ஒரு மறை ஃபோல்டர்ல வெச்சுக்கும். மாறலைன்னா வேலையைத் தாண்டிப் போயிடும். இது ஏன் முக்கியம்னா, கிட் ஃபைல்களோட நேரத்தைச் சேமிச்சு வைக்காது. புதுசா க்ளோன் பண்ணா எல்லா ஃபைலுக்கும் இப்போதைய நேரம். பிராஞ்ச் மாறிட்டுத் திரும்பி வந்தாலும், தொட்ட ஃபைலெல்லாம் புதுசாயிடும். மேக் அதை நம்பி எல்லாத்தையும் மறுபடி கட்டும். சிஐ மெஷினில் (கோட் மாறும்போது தானா டெஸ்ட், பில்ட் ஓட்டுறது) மேக்கோட புத்திசாலித்தனம் பாதிக்குப் பாதி வீணாப் போறது இதனாலதான்.

டாஸ்க்ல நான் வாங்கின அடியும் சொல்லிடறேன். "டெப்ஸ்"னு கொடுக்கிற முன்வேலைகள் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். டேட்டாபேஸ் எழுப்பு, மைக்ரேட் பண்ணுன்னு ரெண்டையும் அங்க எழுதினேன். டேட்டாபேஸ் எழுந்திரிக்கறதுக்குள்ள மைக்ரேஷன் போய்க் கதவைத் தட்டிட்டு வந்துடுச்சு. சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. வரிசை முக்கியம்னா கட்டளைப் பட்டியலுக்குள்ள அடுத்தடுத்துக் கூப்பிடணும்.

யாமலைப் பத்தி ஒண்ணு மட்டும்: கட்டளைக்குள்ள முக்காற்புள்ளியும் அடுத்து ஒரு இடைவெளியும் வந்தா, அதை ஒரு புதுச் சாவியா நினைச்சுக்கும். மேற்கோளுக்குள்ள போட்டுடுங்க. இதுக்குமேல பேசினா எனக்கு ரத்த அழுத்தம்.

#12 துருப்பிடித்தவன்

ஒப்புக்கறேன், செக்சம் நல்ல விஷயம். ஆனா அவங்க பதினாலு கட்டளையில எத்தனை உண்மையிலேயே ஃபைல் உண்டாக்குது? ஃப்ரண்ட்எண்ட் பில்ட் ஒண்ணு. அது வழக்கமா தன்னோட கேஷைத் தானே பாத்துக்கும். டெஸ்ட், லின்ட், மைக்ரேஷன் எதுக்கும் "பழசா"ங்கிற கேள்வியே இல்ல.

#13 இரவுப்பணி

நாலு பேரும் டூலைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. தம்பி ஸ்டேஜிங்கை அழிச்சதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் சர்வர் பக்கம் இருக்குறவ. எனக்குத் தெரிஞ்ச ஒரு கதையைச் சொல்லிட்டு அங்க வரேன்.

முன்னாடி இருந்த ஒரு இடத்துல ராத்திரி பேக்கப் எடுக்குறது ஒரு மேக்ஃபைல்ல இருந்தது. "மேக் பேக்கப்". உள்ளே ஒரே வரி: பிஜி டம்ப் (டேட்டாபேஸை வெளியே எடுக்கும்), குழாய் (அதை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும்), ஜிஜிப் (சுருக்கும்), ஃபைலுக்குப் போ. கிரான் (நேரம் பார்த்துத் தானா ஓட்டுறது) அதை ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டும். ஃபைல் பேர்ல தேதி. தினமும் ஒரு புது ஃபைல் வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தா தேதி தேதியா அழகா நிக்கும்.

ஒரு நாள் ஒரு டேபிளைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. நேத்து ஃபைலை விரிச்சேன், காலி. முந்தாநாள் ஃபைல், காலி. அப்பதான் அளவைப் பார்த்தேன். எல்லாம் 20 பைட். ஒவ்வொண்ணும் சரியா 20. ஒண்ணுமே இல்லாததை ஜிஜிப்பில் சுருக்கினா வர்ற அளவு அது. தலைக்குப் பத்து, வாலுக்கு எட்டு, நடுவுல ஒண்ணுமில்லைங்கறதைச் சொல்ல ரெண்டு. மூணு வாரத்துக்கு முன்னாடி டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாறியிருக்கு. பிஜி டம்ப் அன்னிலேர்ந்து தினமும் தோத்துட்டிருக்கு. ஆனா குழாய்ல கடைசியா நிக்கிற கட்டளையோட வெற்றி தோல்வியைத்தான் ஷெல் பார்க்கும். ஜிஜிப் தன் வேலையை ஒழுங்காச் செஞ்சுது, காலியைச் சுருக்கிக் கொடுத்துச்சு. மேக்குக்கு எல்லாம் சுபம்.

இதுக்குத்தான் பாஷ்ல "பைப்ஃபெயில்"னு ஒரு அமைப்பு. குழாயில எங்க உடைஞ்சாலும் மொத்தமும் தோல்வின்னு எடுத்துக்கும். ஆனா மேக் சொல்லாம கொள்ளாம எடுத்துக்கறது பாஷ் இல்ல, எஸ்எச். டெபியன், உபுண்டுல எஸ்எச்னா டாஷ்ங்கிற வேற ஷெல். போசிக்ஸ்ங்கிற யூனிக்ஸ் பொதுத் தரத்துலயே பைப்ஃபெயில் 2024 பதிப்புலதான் சேர்ந்தது. அதனால நீங்க எதை நம்பி எழுதுறீங்களோ அது அந்த ஷெல்லுல இருக்கான்னு பாருங்க.

அதுக்கப்புறம் நான் பேக்கப்பை இப்படித்தான் எழுதுறேன்: தற்காலிகப் பேர்ல ஃபைல் எழுது, எழுதி முடிச்சு அளவு ஒரு வரம்புக்கு மேல இருந்தா மட்டும் நிஜப் பேருக்கு மாத்து. பாதியில செத்தா நிஜப் பேர்ல ஃபைலே இருக்காது. இல்லாத ஃபைல் உடனே கண்ணுல படும், காலி ஃபைல் படாது.

இப்ப தம்பி விஷயம். நீங்க மேக்ல "என்வ் ?= லோக்கல்"னு எழுதுவீங்க, "சொல்லலைன்னா லோக்கல்"னு நினைச்சுக்கிட்டு. ஆனா மேக் உங்க ஷெல்லோட சூழல் வேரியபிள்களை எல்லாம் தனக்குள்ள எடுத்துக்கும். அன்னிக்குக் காலையில நீங்க எக்ஸ்போர்ட் பண்ணினது மத்தியானம் வரைக்கும் அங்கயே உக்காந்திருந்துச்சே, அதுதான் ஜெயிக்கும். ஜஸ்ட்ல டாட்என்வ் ஃபைலைப் (இந்த வேரியபிள்களை எழுதி வைக்கிற ஃபைல்) படிக்கச் சொன்னாலும் அதே கதை: ஏற்கெனவே சூழல்ல இருக்குற மதிப்பு ஃபைல்ல இருக்குறதை அமுக்கிடும், மாத்தச் சொல்லித் தனியா ஒரு அமைப்பு போட்டா ஒழிய. ஆக, அன்னிக்கு உங்ககிட்ட மேக் இருந்திருந்தாலும் ஸ்டேஜிங் போயிருக்கும். ஜஸ்ட் இருந்திருந்தாலும் போயிருக்கும். இன்னும் சீக்கிரமாப் போயிருக்கும், ஏன்னா "ஜஸ்ட் ரீசெட்" அடிக்க அரை செகண்ட் போதும்.

#14 அரைப்புள்ளி

அக்கா, இதைப் படிச்சதும் ஒரு நிமிஷம் கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. அப்ப என்னதான் பண்றது? ஜஸ்ட்ல "உறுதியா?"ன்னு கேக்க வைக்கலாம்னு படிச்சேன்.

#15 துருப்பிடித்தவன்

ஆமா, வேலைக்கு மேலே "கன்ஃபர்ம்"னு சதுர அடைப்புக்குள்ள போட்டா கேட்டுட்டுத்தான் ஓட்டும். டாஸ்க்லயும் "ப்ராம்ப்ட்" இருக்கு.

#16 இரவுப்பணி

இருக்கு. பத்து நாள் கழிச்சு உங்க விரல் கேள்வியைப் படிக்காம "ஒய்" அடிச்சுப் பழகியிருக்கும். தினமும் உள்ளூர்ல ஓட்டுற ரீசெட்டுக்கு தினமும் கேட்டா, அது கேள்வி இல்ல, இன்னொரு என்டர் சாவி.

நான் பண்றது: அழிக்கிற ஸ்க்ரிப்டுக்குள்ளயே டேட்டாபேஸ் முகவரியிலேர்ந்து ஹோஸ்ட் பேரைப் பிரிச்சு எடு. லோக்கல்ஹோஸ்ட்டா இருந்தா ஒண்ணும் கேக்காம ஓடு. வேற எதுவா இருந்தாலும் அந்தப் பேரைத் திரையில காட்டிட்டு நின்னுடு. "ஆம், இல்லை" கேள்வியே வேண்டாம், ஓடவே கூடாது. ஸ்டேஜிங்கை நிஜமாவே காலி பண்ணணும்னா அதுக்கு வேற பேர்ல வேற ஸ்க்ரிப்ட், அது டேட்டாபேஸ் பேரைக் கையால முழுசா அடிக்கச் சொல்லும். முக்கியமா, இந்தச் சோதனை ஸ்க்ரிப்டுக்குள்ள இருக்கணும், ஜஸ்ட்ஃபைல்ல இல்ல. ஏன்னா அவசரத்துல யாராவது ஸ்க்ரிப்டை நேரா கூப்பிடுவாங்க.

அப்புறம், ஸ்டேஜிங் வேரியபிளை எக்ஸ்போர்ட் பண்றதை விடுங்க. ஒரு கட்டளைக்கு முன்னாடி மட்டும் மதிப்பை எழுதினா அந்த ஒரு கட்டளையோட போயிடும்.

#17 பழைய_முனையம்

இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல. "மேக் மைனஸ் என்" மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ தம்பி, ஓட்டாம என்ன ஓடும்னு காட்டும். ஜஸ்ட்லயும் ட்ரை ரன்னுன்னு இருக்கு. ஆனா அது வரியைத்தான் காட்டும், அந்த வரி எந்த டேட்டாபேஸ் மேல விழும்னு காட்டாது.

#18 இரண்டு_இடைவெளி

இழையை விட்டு ஒரு அடி தள்ளி: டார்கெட் பேரைத் தமிழ்லயே வைக்கலாமான்னு ஒரு நாள் முயற்சி பண்ணேன். குனு மேக்கில் "சோதனை"ன்னு டார்கெட் வெச்சேன், "மேக் சோதனை" ஓடுது. ஜஸ்ட் ஒத்துக்கல, அங்க பேர் ஆங்கில எழுத்துலதான் இருக்கணும். ஓடினதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் விசைப்பலகையை மாத்தி மாத்தி அடிச்சு மூணாம் நாள் "டெஸ்ட்"டுக்கே திரும்பிட்டேன்.

#19 வெறும்_பாஷ்

விளக்கக் கமென்ட்டையாவது தமிழ்ல எழுதலாமே. லிஸ்ட் போட்டா நமக்குப் புரியுற மாதிரி வரும்.

#20 அரைப்புள்ளி

பதினெட்டு நாள் கழிச்சு வரேன், தாமதத்துக்கு மன்னிக்கணும். என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன்.

ஜஸ்ட் எடுத்தோம். ஆப்பிள் அக்காவோட பதிப்புப் பிரச்சினை ஒரு காரணம், கமென்ட்டே விளக்கமா வர்றது இன்னொரு காரணம். விண்டோஸ் நண்பர் கிட் ஏற்கெனவே வெச்சிருந்தார். அதோட எஸ்எச் இருக்குற இடத்தைப் பாத்துல (கட்டளைகளைத் தேடுற இடங்களோட பட்டியல்) சேர்த்ததும் ஓடிடுச்சு, பத்து நிமிஷ வேலை.

பதினாலு கட்டளை ஒன்பது வேலையாச் சுருங்கிடுச்சு. யாருக்கும் எதுக்குன்னு தெரியாத அந்தக் கட்டளையை ஒரு பிராஞ்ச்ல எடுத்துப் பார்த்தோம், ஒண்ணும் உடையல. வரலாற்றைத் தோண்டினா, ரெண்டு வருஷம் முன்னாடி தூக்கிப்போட்ட ஒரு லைப்ரரியோட கேஷைத் துடைக்கிற வரி அது.

ரீசெட் ஸ்க்ரிப்டுக்குள்ள அக்கா சொன்ன ஹோஸ்ட் சோதனை போட்டோம். முதல் ரெண்டு தடவை அது என்னையே நிறுத்திடுச்சு. கன்டெய்னருக்குள்ளேர்ந்து ஓட்டும்போது டேட்டாபேஸ் ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட் இல்ல, காம்போஸ் ஃபைல்ல (கன்டெய்னர்களை விவரிக்கிற ஃபைல்) இருக்குற சர்வீஸ் பேர். அதையும் அனுமதிப் பட்டியல்ல சேர்த்தோம். மூணாவது தடவை நிறுத்தினப்ப என் தப்புன்னு சொல்ல ஆசைதான், ஆனா அது குழுவுல வேற ஒருத்தர். அவர் திரையில ஸ்டேஜிங் ஹோஸ்ட் பேரைப் பார்த்துட்டு, நாற்காலியைப் பின்னால தள்ளி எழுந்து ஒரு சுத்து நடந்துட்டு வந்தார். நானும் ஒண்ணும் கேக்கல.

கிரான்ல மட்டும் ஒரு நாள் வீணாச்சு. ராத்திரி வேலையை ஜஸ்ட் மூலமா ஓட்ட எழுதினேன், ஜஸ்ட்னு ஒரு கட்டளையே இல்லைன்னு சொல்லிடுச்சு. அது என் ஹோம்ல கார்கோ (ரஸ்ட் டூல்களை நிறுவுறது) ஃபோல்டர்ல இருந்தது, கிரானுக்கு அந்தப் பாத் தெரியாது. முழு பாதை கொடுத்தேன். அப்புறமும் தேதி வரல. கிரான் வரியில சதவீதக் குறி வந்தா அங்கயே வரி முறிஞ்சதா எடுத்துக்குமாமே, முன்னாடி பின்சாய்வு போடணுமாம். தேதி போடுற பகுதியையே ஸ்க்ரிப்டுக்குள்ள தள்ளிட்டேன்.

#21 இரவுப்பணி

நல்லது தம்பி. பேக்கப் ஃபைலோட அளவைப் பார்த்தீங்களா?

#22 அரைப்புள்ளி

தினமும் காலையில பாக்குறேன் அக்கா. இன்னிக்கு 41 எம்பி.

#23 வெறும்_பாஷ்

ஒரு சந்தேகம். ஜஸ்ட்ஃபைல் இப்ப எத்தனை வரி? உள்ளே என்ன இருக்கு?

#24 அரைப்புள்ளி

முப்பதுக்குள்ள அண்ணே. ஒன்பது வேலையில மூணு மட்டும் நேரடிக் கட்டளை. மிச்ச ஆறும், ஸ்க்ரிப்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் வெச்சு, வேலைக்கு ஒரு ஷெல் ஃபைல் எழுதி, அதைக் கூப்பிடுது.

#25 வெறும்_பாஷ்

இரண்டாம் பதிவை ஒருதடவை படிச்சுட்டு வாங்க எல்லாரும். நான் இங்கயே உக்காந்திருக்கேன்.